ஊரார் பிள்ளைக்கு ஊட்டிய ஊர்



ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முன்னோர் வாக்கு. இதனைச் சொல்லியும் கேட்டும் நாம் பழகிவிட்டோம். ஆயினும் தன் பிள்ளைக்கென்று ஆக்கி எடுத்து வந்த உணவை, முன்பின் அறியாத ஒருவரின் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய வேளை வரும்போதுதான் இவ்வாக்கின் கனம் நமக்குப் புரியும். அத்தகைய வேளை ஒரு சிறிய நகரத்துக்கு உண்மையாகவே வந்தது. அந்நகர மக்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தில், நோர்த் பிளாட் என்னும் நகரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 12,000 பேரே. சுற்றிவர விளைநிலங்களும் மாட்டுப் பண்ணைகளும். நகரின் நடுவே யூனியன் பசிபிக் புகையிரதப் பாதை. கிழக்கிலிருந்து மேற்குக்குச் செல்லும் புகையிரதங்கள் நீர் நிரப்பவும் எண்ணெய் இடவும் அங்கே பத்துப் பதினைந்து நிமிடங்கள் தரித்து நிற்பது வழக்கம்.

1941 டிசெம்பர் 7 ஆம் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு, அமெரிக்கா போரில் இறங்கியது. பத்து நாட்களின் பின்னர், டிசெம்பர் 17 ஆம் திகதி, நெப்ராஸ்கா தேசியக் காவற்படையின் ‘டி’ பிரிவைச் சேர்ந்த தம் ஊர்ப் பிள்ளைகள் புகையிரதத்தில் அவ்வழியே வருகிறார்கள் என்ற செய்தி நகரில் பரவிற்று. தாய், தந்தையர், சகோதரிகள், மணமாகவிருந்த பெண்கள் எனச் சில நூறு பேர் குளிரில் மேடையில் திரண்டனர். நத்தார் அண்மித்த காலமாகையால், கைகளில் கேக், பழங்கள், பரிசுப் பொதிகள் இருந்தன.

புகையிரதம் வந்தது. ‘டி’ பிரிவினர்தான் வந்தனர். ஆனால் அவர்கள் நெப்ராஸ்காவின் பிள்ளைகள் அல்லர். கன்சாஸ் மாநிலத்தின் ‘டி’ பிரிவினர். ஒருவர் முகமும் அங்கு நின்றவர்களுக்குத் தெரிந்த முகமாக இல்லை.

மேடையில் அமைதி நிலவியது. பொதிகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருந்தால் அவர்களை எவரும் குறை கூறியிருக்க மாட்டார். தம் பிள்ளைக்கு வைத்திருந்ததைத் தம் பிள்ளைக்கே வைத்துக்கொள்வது உலக நியாயம். ஆனால் யாரோ ஒருவர் முன்னே சென்று தம் பொதியை யன்னல் வழியாக நீட்டினார். மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். கொண்டுவந்தவை யாவும் கன்சாஸ் பிள்ளைகளின் கைகளுக்குப் போயின.

அன்று அங்கு நின்றவர்களில் ஒருவர் றே வில்சன் என்னும் இளம்பெண். மருந்துக் கடையொன்றில் பணிபுரிந்தவர். எதிர்பார்க்கப்பட்ட நெப்ராஸ்காப் பிரிவில் அவருடைய உடன்பிறந்த சகோதரரும் இருந்தார். அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இவ்வழியே செல்லும் ஒவ்வொரு படைப் புகையிரதத்தையும் நாம் இவ்வாறே வரவேற்றால் என்ன, அதற்கென ஒரு சிற்றுண்டிச்சாலை அமைத்தால் என்ன என்று அதில் கேட்டார். பணி செய்யத் தாமும் முன்வருவதாகத் தெரிவித்தார். நத்தார் தினமான டிசெம்பர் 25 ஆம் திகதியே அப்பணி தொடங்கிவிட்டது. புகையிரத நிலையத்தின் உணவுக்கூடம் அதற்கென வழங்கப்பட்டது.

ஒரு பண்டிகைக் கால உற்சாகமாக அது முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1946 ஏப்ரல் 1 ஆம் திகதி வரை, நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களும், ஒரு நாளேனும் தவறாமல் அது நடந்தது. நாளொன்றுக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரையான படைவீரர்கள் அங்கே பசியாறினர். மொத்தத்தில் 60 இலட்சத்துக்கும் அதிகமானோர் அந்த மேசைகளைக் கடந்து சென்றனர். எவரிடமும் ஒரு சதமேனும் வாங்கப்படவில்லை. நகரத்தாரால் மட்டும் இதனைத் தாங்கியிருக்க முடியாது. அயலிலுள்ள ஏறத்தாழ 125 ஊர்களின் மக்கள் முறை வகுத்து, தமக்குரிய நாளில் உணவோடு வந்து பரிமாறிச் சென்றனர். தேவாலயக் குழுக்கள் சபை வேறுபாடின்றி இதில் இணைந்தன. பணியாற்றியோர் தொகை சுமார் 55,000 எனப்படுகிறது. அரசாங்கம் இதற்கென நிதி ஒதுக்கவில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தம் சொந்தப் பணத்தில் ஐந்து டொலர் அனுப்பியதாக அவ்வூரார் நினைவுகூர்வர்.

அன்பானவர்களே, இக்கொடை மிகுதியிலிருந்து எழுந்ததன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது பங்கீட்டுக் காலம். சீனி, கோப்பி, இறைச்சி, பெற்றோல் எல்லாமே கூப்பனுக்குத்தான். சீனிக் கூப்பன்களைக் குடும்பங்கள் ஒன்றுசேர்த்து, தம் வீட்டுப் பிள்ளைகளின் இனிப்பைக் குறைத்துக்கொண்டுதான் அங்கே பிறந்தநாள் கேக்குகள் செய்யப்பட்டன. அன்று பிறந்தநாள் காண்கிற படைவீரன் ஒருவன் புகையிரதத்தில் இருந்தால், அவனுக்கென ஒரு முழுக் கேக் கொடுக்கப்பட்டது. வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரிந்து, எங்கே போகிறோம் என்பதும் அறியாமல் செல்லும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, முன்பின் அறியாத ஒரு தாய் பிறந்தநாள் கேக்கை நீட்டும்போது அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், கொடுப்பதற்குத் தன்னிடம் வேறொன்றும் இல்லாமையால், கால்நடை ஏலச் சந்தையில் தான் அணிந்திருந்த சட்டையைக் கழற்றி ஏலத்தில் விட்டான். வாங்கியவர் அதனை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அவன் மறுபடியும் விற்றான். இப்படியே சந்தை சந்தையாகச் சென்று சிற்றுண்டிச்சாலைக்குப் பணம் சேர்த்தான். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் கண்டது போலவே, இவனையும் கண்டிருப்பார்.

அங்கே பணிபுரிந்த தாய் ஒருத்திக்கு, தன் மகன் போரில் இறந்துவிட்டான் என்ற தந்தி கிடைத்தது. அவர் மீண்டும் அந்தப் பணிக்கே திரும்பினார். தன் மகனுக்கு இனி எதுவும் செய்ய இயலாது. மற்றொருத்தியின் மகனுக்குச் செய்ய இயலும் என்பதே அவர் கொண்ட எண்ணம். மகனை இழந்த கை, இன்னொரு மகனுக்குக் கோப்பி ஊற்றியது. கல்வாரியின் அடிவாரத்தில் நின்ற அன்னை மரியா, யோவானை மகனாக ஏற்றுக்கொண்டதை இத்தாயில் நாம் காண்கிறோம்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். ஆயுதம் ஏந்திப் போருக்குச் செல்பவனுக்கு உணவளிப்பது, அந்தப் போரையே ஆசீர்வதிப்பதாகாதா?

ஆகலாம் என்பதே என் முதற்பதில். வழியனுப்பும் ஆரவாரத்தில் கொடிகளும் கோஷங்களும் மேலோங்கி, போகின்ற பிள்ளையின் முகம் மறைந்துபோனால், நாம் அவனை அன்பு செய்யவில்லை; அவனைக் கொண்டு நம் கோபத்தைத் தீர்க்கிறோம். நோர்த் பிளாட் பெண்கள் செய்தது அதுவன்று. அவர்களுக்குக் கிடைத்தவை பத்து நிமிடங்கள். அதற்குள் அவர்கள் கொடுத்தவை இடையே முட்டை வைத்த பாண், சூடான கோப்பி, ஒரு புன்னகை. அமெரிக்கப் படையில் வெள்ளையரும் கறுப்பரும் வெவ்வேறு பிரிவுகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த காலம் அது. 1948 இல்தான் அந்தப் பாகுபாட்டை நீக்க ஆணை பிறந்தது. அதற்கு முன்பே இந்த மேசையில் நிறம் பார்க்கப்படவில்லை. சீருடைக்குள் இருந்த பிள்ளையை அவர்கள் கண்டனர்.

திருச்சபையின் போதனையும் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, தம் கடமையைச் செவ்வனே ஆற்றும் படைவீரர் அமைதியைப் பேணுவதற்குத் துணைபுரிகின்றனர் என்று ஏற்றுக்கொள்கிறது. அதே ஏடு, நகரங்களை மக்களோடு சேர்த்துக் கண்மூடித்தனமாக அழிக்கும் போர்ச் செயல் இறைவனுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று கண்டிக்கிறது. திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று வினவியபோது, அவர் அவர்களை விரட்டவில்லை. எவரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காதிருக்கவும், பொய்க் குற்றம் சுமத்தாதிருக்கவும், தம் ஊதியத்தோடு நிறைவடையவும் கூறினார். அன்போடு ஏற்றுக்கொண்டு, நேர்மையைக் கேட்டார். இவ்விரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். உணவு கொடுத்துவிட்டு உண்மையைக் கேளாதிருப்பது முகத்துதி. உண்மையைக் கேட்டுக்கொண்டே அவனை மனிதனாகக் காண மறுப்பது வெறுப்பு.

வாசகர்கள் பலருக்கு இதனைப் படிக்கும்போது மனம் தடைப்படும் என்பதை அறிவேன். நானும் போர்க்காலத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவன். சீருடையைக் கண்டால் வீதியோரம் ஒதுங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கப் பழகியவர்கள் நாம். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரும், காணாமற்போன பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு அணைத்தபடி வெயிலிலும் மழையிலும் வீதியில் அமர்ந்த தாய்மாரை நாம் கண்டோம். அத்தாய்மாரிடம் சென்று, படைவீரனுக்கு விருந்து கொடுங்கள் என்று உபதேசிக்க எனக்கு உரிமையில்லை. நீதி தேடுவதைக் கைவிடுங்கள் என்று கூறுவது நற்செய்தியும் அன்று.

ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஒவ்வொரு திருப்பலியிலும், நற்கருணை உட்கொள்ளுமுன், ஆண்டவரை ஏற்க நாம் தகுதியற்றவர்கள் என்று அறிக்கையிடுகிறோம். அந்த மன்றாட்டு யாருடையது? ஒரு நூற்றுவர் தலைவருடையது. யூத மக்கள் அந்நிய ஆட்சியின் கீழ் வருந்திய காலத்தில், ஆயுதம் தாங்கிய ஒருவர் தம் பணியாளனுக்காக ஆண்டவரிடம் சொல்லியனுப்பியது. ஆண்டவர் அவருடைய சீருடையைக் கண்டு முகம் திருப்பவில்லை. அவருடைய விசுவாசத்தைக் கண்டு வியந்தார். ஒரு படைவீரரின் சொற்களை நாவில் ஏற்றுக்கொண்டுதான் நாம் ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணைப் பந்தியை அணுகுகிறோம்.

நம் நாட்டிலும் தெற்கே ஒரு கிராமத்தில் மகனை வழியனுப்பிவிட்டு உறங்காதிருந்த தாய் ஒருத்தி இருந்தாள். வன்னியில் ஒரு குடிலில், ஆயுதம் தாங்கிப் போன தன் பிள்ளைக்காகச் செபமாலையைப் பற்றியிருந்த தாய் ஒருத்தியும் இருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒருவரின் பிள்ளைக்கு மற்றவர் ஒரு பிடி சோறு கொடுக்கும் மேடை நமக்கு வாய்க்கவில்லை. அது வாய்த்திருந்தால் எத்தனையோ மாறியிருக்கலாம் என்றே நான் எண்ணுகிறேன்.

நோர்த் பிளாட்டின் அந்தப் புகையிரத நிலையம் 1973 இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் 2018 ஆம் ஆண்டு, அர்கன்சாஸ் மாநிலத் தேசியக் காவற்படையினர் ஏறத்தாழ 700 பேர் பயிற்சி முடித்துப் பேருந்துகளில் அவ்வழியே வந்தபோது, அந்நகரத்தார் மீண்டும் மேசை விரித்து உணவளித்தனர். பாட்டிமார் செய்ததைப் பேரப்பிள்ளைகள் செய்தனர். கட்டடம் போனாலும் பழக்கம் போகவில்லை.

நம் பங்குகளிலும் இத்தகைய பழக்கம் வேரூன்ற வேண்டும். கண்ணீரோடு பிள்ளையை எங்கேனும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அக்குடும்பம் நம் இனமா, நம் சபையா என்று ஆராயுமுன் அந்தக் கதவைத் தட்டுவோம். இவ்வாரம் மாலைச் செபமாலையில் பத்து மணிகளை நமக்குப் பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்காக, நாம் அஞ்சும் ஒரு பிள்ளைக்காகவேனும், ஒப்புக்கொடுப்போம். நமக்குரியவர் வருவார் என்று காத்திருந்த மேடையில் வேறொருவர் வந்து இறங்கும்போது, கையிலுள்ள பொதியைத் திருப்பி எடுத்துச் செல்லாத மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.