பளபளப்பு வேறு, படம் வேறு

உலக சினிமா பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு வகை ஆசாமிகள் கிளம்பி வருவார்கள். முதல் வகை: "கதை நல்லா இருந்தா போதும்பா, பிரிண்ட் எப்படி இருந்தா என்ன?" இரண்டாவது வகை: "மச்சி, 4கே வந்துடுச்சு, பழசை எல்லாம் தூக்கிப் போடு." பார்த்தால் எதிரும் புதிருமாகத் தெரியும். உண்மையில் இரண்டு பேரும் ஒரே கட்சி. படத்தைப் பார்ப்பதில் இரண்டு பேருக்குமே அக்கறை கிடையாது. ஒருவருக்குக் கதைச்சுருக்கம் போதும், இன்னொருவருக்கு அட்டையில் இருக்கும் எண் போதும்.

இந்தப் பதிவு இரண்டு கட்சிக்கும் எதிரானது. திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

முதலில் கதைக் கட்சி. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தை எடுத்துக்கொள்வோம். காசியில் அபுவின் குடும்பம் குடியிருக்கும் வீட்டு முற்றம் ஞாபகம் இருக்கிறதா? அது காசி இல்லை, கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். திறந்த முற்றத்தில் மேலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. எங்கும் பரவியிருக்கும், நிழல் அழுத்தமாக விழாது. ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் அது வரவே வராது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார்? செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழேயிருந்து விளக்கை அதன் மேல் அடித்து, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் படம் பிடித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க சாதாரணமாகச் செய்கிற பவுன்ஸ் லைட்டிங்தான். அன்றைக்கு அது புதுசு.

இப்போது கான்ட்ராஸ்ட் ஏற்றி, கறுப்பை நசுக்கி, நாலாம் தலைமுறைப் பிரதியிலிருந்து எடுத்த ஒரு டிவிடியில் அந்தக் காட்சியைப் பாருங்கள். முகம் சுண்ணாம்பு, சுவர் தார். மித்ராவின் மெல்லிய நிழல்களில் ஒன்றுகூட மிச்சமிருக்காது. கதை அப்படியே இருக்கிறது, அப்பா சாகிறார், அம்மா அழுகிறாள். ஆனால் ராயும் மித்ராவும் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை போச்சு. கதைதான் வேண்டும் என்றால் விபூதிபூஷண் எழுதிய நாவலே இருக்கிறதே, படம் எதற்கு?

இதே மூன்று படங்களின் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1993இல் லண்டனில் ஹென்டர்சன் லேபில் தீப்பிடித்தது. அபு படங்களின் மூல நெகட்டிவ்கள் அதில் மாட்டிக்கொண்டன. கருகி, சுருண்டு, ஒட்டிப்போனதை எல்லாம் குப்பை என்று வீசாமல் அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகத்தில் எடுத்து வைத்தார்கள். கிட்டத்தட்ட 20 வருஷம் அது அப்படியே கிடந்தது. பிறகு க்ரைட்டீரியன் நிறுவனமும் அகாடமியும் சேர்ந்து அதை இத்தாலியின் பொலோனா நகரில் உள்ள லிம்மாஜினே ரித்ரொவாத்தா லேபுக்கு அனுப்பின. உலர்ந்து நொறுங்கும் ஃபிலிமுக்கு ஈரமேற்றி, ஓட்டைகளைக் கையால் ஒட்டி, கிட்டத்தட்ட 1000 மணி நேரம் கைவேலை. 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே மீட்கப்பட்டன. 'அபுர் சன்சார்' நெகட்டிவ் தேறவில்லை, அதற்கு வேறு நல்ல பிரதிகளைத் தேடி எடுத்தார்கள். 2015இல் ப்ளூரே வந்தது.

அதற்கு முந்தைய டிவிடிகளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துர்காவும் அபுவும் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சியில் காசப் பூக்கள் வெறும் வெள்ளைத் திட்டாக இல்லாமல் ஒவ்வொரு தண்டாக அசையும். "பிரிண்ட் எப்படி இருந்தா என்ன" என்கிறவர், அந்த 1000 மணி நேரமும் வீண் என்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

சரி, அடுத்த கட்சிக்கு வருவோம். 4கே பக்தர்கள்.

இவர்களுக்குத் தெளிவுதான் தெய்வம். முகத்தில் ஒரு புள்ளி தெரியக் கூடாது, துடைத்த கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அய்யா, ஃபிலிம் என்பதே புள்ளிகள்தான்! அதன் மேல் பூசியிருக்கும் வெள்ளி உப்பு ஒளி பட்டு மணிமணியாக மாறுவதால்தான் பிம்பமே உருவாகிறது. அந்த மணியைத்தான் கிரெயின் என்கிறோம். அதை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்தால் கூடவே தோல், துணி நெசவு, தலைமுடி எல்லாம் போய்விடும். மிஞ்சுவது மெழுகு பொம்மை.

உதாரணம் வேண்டுமா? மார்செல் கார்னேயின் 'சில்ட்ரன் ஆஃப் பாரடைஸ்' (1945). பிரான்ஸின் பாத்தே நிறுவனம் 2011இல் பெரிய செலவில் புதுப்பித்தது. கீறல் இல்லை, ஆட்டம் இல்லை. ஆனால் கிரெயினைத் துடைத்த துடைப்பில் நடிகர்கள் எல்லாம் மியூசியத்து மெழுகுச் சிலை மாதிரி ஆகிவிட்டார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் அப்போதே தலையில் அடித்துக்கொண்டார்கள். வேறு நிறுவனம் அதே மாஸ்டரை வாங்கிப் போட்டாலும் அதே மெழுகுதான். அட்டையில் பெயர் மாறினால் உள்ளே இருப்பது மாறுமா?

அடுத்தது வண்ணம். வோங் கார்-வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' (2000). அந்தச் சிவப்பும், மஞ்சள் விளக்கும், மாகி சியூங்கின் உடைகளும் மறக்கக்கூடியவையா? 2012இல் வந்த ப்ளூரேயில் அந்தச் சூடு இருந்தது. 2020 வாக்கில் இயக்குநரே மேற்பார்த்துச் செய்த 4கே புதுப்பிப்பில் படம் முழுக்க ஒரு பச்சை படர்ந்திருக்கிறது. 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' (1995) விஷயம் இன்னும் மோசம். 1.85:1 ஆக இருந்த சட்டகமே 2.39:1 ஆகிவிட்டது. அன்றைக்கே அகலமாகக் காட்ட ஆசைப்பட்டேன், இப்போதுதான் வாய்த்தது என்பது அவர் தரப்பு.

"இயக்குநரே சொல்லிட்டாரு, நீ யாருடா கேக்க?" என்று வருவார்கள் என்று தெரியும். இயக்குநருக்குத் தன் படத்தைத் திருத்த முழு உரிமை உண்டு. இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு, என்ன வேண்டுமானாலும் போடட்டும். முதல் பதிப்பைக் கடையிலிருந்து காணாமல் அடிப்பதில்தான் தகராறு. 1995இல் தியேட்டரில் மக்கள் பார்த்தார்களே, அந்தப் படம் ஒரு வரலாறு. கவிஞர் வயசான பிறகு தன் பழைய கவிதையைத் திருத்தினால், பழைய புத்தகங்களை எல்லாம் நூலகத்திலிருந்து பிடுங்கி வருவோமா? புதுப்பிப்பு என்றால் இருந்ததை மீட்பது. மாற்றி எழுதுவதற்கு வேறு பெயர் வையுங்கள், சண்டையே இல்லை.

எண் பெரிதாவதால் மட்டும் தரம் உயராது என்பதற்கு இன்னும் சில:

1) சட்டகம். ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) கிட்டத்தட்டச் சதுரம், 1.19:1. பேசும் படம் வந்த புதிதில் ஒலிப் பட்டைக்கு இடம் விட்டதால் வந்த அளவு அது. பழைய டிவிடிகளில் 1.33 ஆக வெட்டிப் போட்டார்கள். 2004இல் வந்த க்ரைட்டீரியன் மறுபதிப்பில்தான் சரியான அளவு வந்தது. லாங் அளந்து வைத்த சட்டகத்தை வெட்டியபின் எத்தனை கே போட்டு என்ன பிரயோஜனம்?

2) நிறச்சாயல். தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) படத்தில் சில பகுதிகள் நீலச்சாயலில் இருக்க வேண்டும். 2002 டிவிடியில் அது வெறும் கறுப்பு வெள்ளை. 2011 ப்ளூரேயில் நீலம் திரும்பி வந்தது. ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், டிவிடி மட்டும் பார்த்தவருக்கு நீலம் இருந்ததே தெரிந்திருக்காது.

3) ஒலி. அதே தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979). ரஷ்யாவில் முதலில் வந்த டிவிடியில் மோனோ ஒலியைத் தூக்கிவிட்டு, புதிதாகச் சத்தங்கள் சேர்த்த 5.1 கலவையைப் போட்டார்கள். அமைதிக்காகவே பார்க்கிற படத்தில்! ரசிகர்கள் கத்திய பிறகுதான் மூல ஒலி சேர்ந்த பதிப்பு வந்தது. கத்தினால் வேலை நடக்கும் என்பதற்கும் இதுவே சாட்சி.

4) வேகம். சினிமா விநாடிக்கு 24 சட்டகம். நம்ம ஊரும் ஐரோப்பாவும் வைத்திருந்த பால் முறை டிவி விநாடிக்கு 25. எனவே பால் டிவிடியில் படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 125 நிமிட 'பதேர் பாஞ்சாலி' 120 நிமிடத்தில் முடிந்துவிடும். 5 நிமிடம் போனது கூடப் பரவாயில்லை. சுருதியைச் சரிக்கட்டாமல் விட்டால் ரவிசங்கரின் சிதாரும் மேலே ஏறிவிடும். சங்கீதம் தெரிந்த வீட்டில் இதைப் போட்டுப் பாருங்கள், அடி விழும்.

இந்த நாலில் ஒன்றுக்காவது 4கே என்ற முத்திரை பதில் சொல்கிறதா? இல்லை. இன்னொரு கூத்து, இணையத்தில் வரும் '4கே'. ஒரு சாதாரண ப்ளூரே விநாடிக்கு 25, 30 மெகாபிட் அளவுக்குத் தகவல் தரும். ஸ்ட்ரீமிங் 4கே பெரும்பாலும் 15, 20க்குள் அடங்கிவிடும். கிரெயின் நிறைந்த பழைய படத்தை அந்த அளவுக்குள் திணித்தால் புகை மண்டலம்தான். பிக்சல் எண்ணிக்கை கூடியதால் உள்ளே இருக்கும் சரக்கு கூடாது. பெரிய பாத்திரத்தில் அதே ஒரு டம்ளர் ரசம்.

ஒப்பீடு செய்கிறவர்களையும் விட முடியாது. ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நாலு மடங்கு பெரிதாக்கி "இதோ பார் புருவம்" என்று காட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நின்ற படத்தில் ஒலி கேட்காது, வேகம் தெரியாது, ஆட்டம் தெரியாது. எது மூலம் என்று ஆதாரம் தேடாமல் எது கண்ணுக்கு அழகு என்று தீர்ப்பு எழுதுவது அழகிப் போட்டி. வெளியான காலத்துப் பிரிண்ட், ஒளிப்பதிவாளர் விட்டுச்சென்ற குறிப்பு, எந்தத் தலைமுறை நெகட்டிவ் என்ற விவரம், இவற்றை வைத்துத்தான் பேச வேண்டும்.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு. "இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு. எங்களுக்குக் கிடைப்பதே போனில் ஒரு திருட்டுப் பிரதி." நியாயமான கேள்வி. அந்த ப்ளூரே பெட்டி ஒன்றின் விலைக்கு நம்மில் பலர் ஒரு மாதம் மெஸ் பில் கட்டிவிடலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வசதி இருப்பவன் நாலு பதிப்பையும் வாங்கி அலமாரியில் அடுக்குவான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பிரதியைப் பார்க்க வாய்ப்புள்ளவனுக்குத்தான் எது சரியான பிரதி என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒப்பீடு அவனுக்குத்தான் முதலில் தேவை.

கல்லூரித் திரையிடல் ஒன்றில் நாலுக்கு மூன்று படத்தை அகலத்திரைக்கு இழுத்து, எல்லோரையும் குள்ளமாகவும் குண்டாகவும் ஆக்கிக் காட்டினார்கள். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் சரியாகியிருக்கும். பைசா செலவில்லை. யாரும் எழுந்து சொல்லவில்லை. "கிளாசிக்னா இப்படித்தான் இருக்கும்போல" என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மோசமான பிரதி செய்யும் பெரிய கெடுதல் இதுதான். படம் கெட்டிருக்கிறது என்று தோன்றாது, பழைய படம் என்றாலே இப்படித்தான் என்று தோன்றிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பையன் ராய் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

இது எங்கோ ஹாங்காங், பாரிஸ் பஞ்சாயத்து இல்லை. உதய் சங்கரின் 'கல்பனா' (1948) நம்ம சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த படம். அதை மீட்டவர்கள் மார்ட்டின் ஸ்கார்செசியின் அமைப்பும் பொலோனாக்காரர்களும், 2012இல். அரவிந்தனின் 'கும்மாட்டி' (1979), 'தம்பு' (1978) இரண்டுக்கும் மூல நெகட்டிவே கிடையாது. இருந்த பிரதிகளை வைத்துத்தான் மீட்டார்கள். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931)? அதற்கு மீட்க ஒரு பிரதிகூட இல்லை. "பிரிண்ட் எப்படி இருந்தா என்ன" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தால் கடைசியில் பிரிண்டே இருக்காது. நல்ல பிரதியைக் கேட்டு வாங்குகிற கூட்டம் இருந்தால்தான் உரிமையாளன் நெகட்டிவைக் குளிர்ந்த அறையில் வைப்பான்.

அதனால் மக்களே, அடுத்த முறை யாராவது "சூப்பர் பிரிண்ட் மச்சி" என்று ஒரு படத்தை நீட்டினால் நாலே கேள்வி கேளுங்கள். எதிலிருந்து எடுத்தது? சட்டகம் முழுசா இருக்கா? மூல ஒலி இருக்கா? நிறத்தை யார், எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்? பதில் தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை கே என்பதை அஞ்சாவதாகக் கேட்டுக்கொள்ளலாம்.

பி.கு: உங்கள் கையில் பழைய டிவிடி ஏதாவது இருந்தால், புதுசு வந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்குப் பச்சை பூசியவர்களிடம் காட்ட அதுதான் சாட்சி.