ரெட் ஹவுஸ்: பின்னால் வந்தவர்களுக்கும் இடம் வேண்டும்

புகழ்பெற்ற ஒருவர் வாழ்ந்த பழைய வீட்டை அவர் காலத்தில் இருந்தபடி மாற்றிக் காட்டுவதற்காக, பின்னால் குடியிருந்தவர்கள் சேர்த்தவற்றைப் பெயர்த்தெடுக்கலாமா? கூடாது என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. லண்டனின் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத்தில் நிற்கும் ரெட் ஹவுஸ் இதற்குத் தக்க சான்று. விக்டோரியா காலத்துக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸுக்காக அவருடைய நண்பர் பிலிப் வெப் 1859-இல் வரைந்து தந்த செங்கல் வீடு அது. மறு ஆண்டு மாரிஸ் குடியேறினார். ஓவிய நண்பர்களான ரோசெட்டியும் பர்ன்-ஜோன்ஸும் வந்து தங்கிச் சுவர்களிலும் மரச்சாமான்களிலும் ஓவியம் தீட்டினார்கள். மாரிஸின் மகள்கள் இருவரும் அங்கேதான் பிறந்தார்கள். நண்பர்கள் கூடி அந்த வீட்டை அலங்கரித்த அனுபவமே 1861-இல் மாரிஸ் தொடங்கிய அலங்காரப் பொருள் நிறுவனத்துக்கு வித்து. ஆனால் நோயும், சுரங்கப் பங்குகளின் வருமானச் சரிவும், லண்டனுக்குப் போய்வரும் அலைச்சலும் சேர்ந்து 1865-இல் குடும்பத்தை லண்டனுக்கே திருப்பிவிட்டன. மாரிஸ் அங்கே வாழ்ந்தது ஐந்தே ஆண்டுகள். வீட்டுக்கு வயது 160-ஐத் தாண்டிவிட்டது.

மற்ற ஆண்டுகளெல்லாம் பிறருக்கு உரியவை. 1889-இல் வீட்டை வாங்கிய சார்லஸ் ஹோம், ஜப்பானோடு வணிகம் செய்தவர்; ரெட் ஹவுஸில் இருந்தபோதுதான் 1893-இல் ‘தி ஸ்டூடியோ’ கலை இதழைத் தொடங்கினார். மாரிஸ் வழிவந்த கைவினைக் கலை இயக்கம் பல நாடுகளுக்குப் பரவ உதவிய இதழ் அது. இரண்டாம் உலகப் போரின்போது வீடு அரசு உதவித்தொகை அலுவலகமாயிற்று. 1952-இல் கட்டடக் கலைஞர் டெட் ஹாலம்பியும் மனைவி டோரிஸும் இன்னொரு தம்பதியோடு சேர்ந்து அதை வாங்கினார்கள். 2003-இல் பாரம்பரியக் காப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் கைக்கு வரும்வரை ஹாலம்பி குடும்பத்துக்கு அதுவே வீடு. மாரிஸ் இருந்ததைப்போலப் பத்து மடங்கு காலம் அவர்கள் அதைச் செப்பனிட்டு வாழ்ந்திராவிட்டால், இன்று விவாதிக்கவே வீடு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். இவர்களையெல்லாம் வெறும் இடைக்காலக் காவலர்களாகச் சொல்லிக் கடப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

‘மக்கள் மாரிஸைப் பார்க்கத்தானே வருகிறார்கள்?’ என்பார்கள். உண்மைதான். ஆனால் மாரிஸை மதிப்பவர்கள் அவருடைய சொல்லையும் மதிக்க வேண்டும். பழைய தேவாலயங்களின் பிற்காலப் பகுதிகளைச் சுரண்டி நீக்கி, கற்பனையான ஒரு ‘ஆதி நிலை’க்குத் திருப்பிய புனரமைப்பாளர்களை எதிர்த்து, 1877-இல் பண்டைக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர் அவர். வெப்பும் உடன் நின்றார். ஒவ்வொரு தலைமுறையின் வேலையும் வரலாறே என்பது அவர்கள் வாதம். அந்த மனிதருடைய வீட்டிலேயே ஹாலம்பி குடும்பம் ஒட்டிய சுவர்த்தாளை 1860-ஆம் ஆண்டின் பெயரால் கிழித்தெறிவது, அவர் எதிர்த்துப் போராடிய செயலையே அவர் பெயரில் செய்வதாகும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2013-இல் மாரிஸின் படுக்கையறைச் சுவரில், பெரிய அலமாரிக்குப் பின்னே மறைந்திருந்த விவிலியக் காட்சி ஓவியம் முழுமையாக வெளிப்பட்டது. பிற்காலப் பூச்சையும் தாளையும் நீக்காமல் அது கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. எதையும் தொடாதீர்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. அங்கே நடந்தது, அடியில் என்ன இருக்கிறது என்று ஆய்ந்தறிந்து ஒரு சுவரில் செய்த நுட்பமான வேலை. வீடு முழுவதையும் ஓர் ஆண்டுக்குத் திருப்பும் முயற்சி அன்று. பின்வந்தவர்கள் வைத்த எல்லாமே காக்கத்தக்கவை என்றும் நாங்கள் வாதிடவில்லை. நீக்குவதற்குக் காரணம் இருக்கட்டும். பிந்திய காலத்தது என்பது மட்டுமே காரணமாகாது.

எனவே நினைவில்லங்களை நிர்வகிப்போரை வேண்டுகிறோம்: எதை அகற்றுவதானாலும் முதலில் படமெடுத்து, அளந்து, எழுதி வையுங்கள். பார்வையாளரிடம் வீட்டின் கதையைச் சொல்லும்போது, கடைசியாகச் சாவியை ஒப்படைத்தவர் வரை ஒவ்வொருவரையும் பெயரோடு சொல்லுங்கள்.