பால் வற்றுவது தாயின் குற்றமா?

“வேலைக்குப் போனதிலிருந்து பால் வற்றிவிட்டது” என்று வருந்தும் தாய்மார்கள் பலர். அனல் மின் நிலையமும் தொழிற்சாலைகளும் நிறைந்த அத்திப்பட்டு, எண்ணூர் வட்டாரத்தில் கூலிக்குப் போகும் தாய்க்கு இது பெருங்கவலை. “உன் உடம்பில் சத்து இல்லை” என்று வீட்டார் அவளையே குறை கூறுவதும் உண்டு. அது சரியா?

விளக்கும் மரபணுவும்

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் செய்ய வேண்டிய வேலைக்குரிய குறிப்பு, அதனுள் இருக்கும் மரபணுக்களில் அடங்கியிருக்கிறது. எல்லா மரபணுக்களும் எப்போதும் வேலை செய்வதில்லை. வீட்டில் பத்து விளக்குகள் இருந்தாலும் வேண்டியதைத்தானே ஏற்றுகிறோம்? அதுபோலத்தான்!

பெண் கருவுற்றதும், மார்பில் பால் சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. பால் புரதங்களுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஆனால், நஞ்சு சுரக்கும் ‘புரோஜெஸ்டிரோன்’ பால் பெருகாமல் தடுத்து வைக்கிறது. பிரசவமாகி நஞ்சு விழுந்ததும் அந்தத் தடை நீங்குகிறது. முதலில் சீம்பால் வரும். இரண்டு, மூன்று நாட்களில் பால் பெருகும்.

குழந்தை சப்பும்போது, மூளையின் அடியில் உள்ள பட்டாணி அளவுச் சுரப்பி ‘புரோலாக்டின்’ என்ற பொருளைச் சுரக்கிறது. பால் மரபணுக்களை விழித்திருக்கச் செய்வது அதுவே. குடிக்கக் குடிக்கப் பால் ஊறும். பால் கட்டி நின்றாலோ, சுரப்பு குறையும். அப்படியே பல நாள் நீடித்தால் விளக்குகள் அணையும். பால் செல்களும் அழியும். குழந்தையைப் பிரிந்து வேலை செய்யும் தாய்க்கு நேர்வது இதுதான். இதில் அவள் குற்றம் என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ல் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பு 2017-ல் 26 வாரமாக உயர்ந்தது. முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினமும் 2 இடைவேளை உண்டு. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும்.

இந்த உரிமை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். முதலாளிகள் மனம் வைக்க வேண்டும். அதிகாரிகள் நேரில் சென்று பார்க்க வேண்டும். வீட்டாரும் பழி சொல்வதை விட்டு, தாய்க்குத் துணை நிற்க வேண்டும்.

சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தால் குழந்தையின் பசி தீருமா?