பின்தளப் பணி என்னும் தூண்டில்

ரஷ்யப் படையில் 554 இலங்கையர்கள் சேர்ந்திருந்ததாகவும் அவர்களுள் 59 பேர் உயிரிழந்துவிட்டதாகவும் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் 2025 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் தெரிவித்திருந்தார். இவர்கள் பலவந்தமாகச் சேர்க்கப்பட்டமைக்கு ஆதாரம் இல்லை என்றும் அவர் கூறியிருந்தார். இக்கூற்றை மறுப்பது எமது நோக்கமன்று. ஆனால், இவர்கள் என்ன வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்ற கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை.

2024 ஆம் ஆண்டில் தப்பி வந்தவர்களும் குடும்பத்தினரும் கூறியவற்றில் ஒரு விடயம் திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்தது. போர்முனைக்குச் செல்ல வேண்டியதில்லை, பின்தளத்தில் உதவியாளர் வேலைதான் என்பதே முகவர்கள் அளித்த உறுதிமொழி. இந்திய, நேபாள இளைஞர்களுக்கும் இதே உறுதிமொழியே வழங்கப்பட்டது. இங்கு ஓய்வுபெற்ற உயர் இராணுவ அதிகாரி ஒருவர் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டனர். ஐரோப்பா செல்லப் புறப்பட்ட வடக்கு இளைஞர்கள் சிலரும் இப்படைக்குள் அகப்பட்டுக்கொண்டதாக அவர்களது உறவினர்கள் முறையிட்டிருந்தனர்.

பின்தளம் என்றதும் பாதுகாப்பான இடம் என்ற எண்ணமே மனதில் எழுகின்றது. களஞ்சியத்தில் கணக்கெழுதுபவர், எரிபொருள் பவுசர் ஓட்டுபவர், சமையற்காரர், வெடிபொருட்களை ஏற்றி இறக்குபவர் ஆகியோர் படைவீரர்களே ஆயினும் போர் புரிபவர்கள் அல்லர் என்றே சாதாரண மக்கள் கருதுகின்றனர். பெரிய இராணுவங்களின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அந்த அனுபவம் மிக விரிவாகப் பதிவாகியிருக்கும் நாடு அமெரிக்கா என்பதால், அதனைச் சற்று நோக்குவது பயனுடையது.

பொய்யான காரணத்தைக் காட்டி ஈராக் மீது படையெடுக்கப்பட்ட 2003 மார்ச் மாதத்தில், 23 ஆம் திகதியன்று, 507 ஆவது பராமரிப்புக் கம்பனியின் வாகனத் தொடரணி வழிதவறி நாசிரியா நகருக்குள் புகுந்தது. தொடரணியில் இருந்தவர்கள் 33 பேர். பலருக்குத் தூக்கமே இல்லை. மணல் படிந்த துப்பாக்கிகள் பல இயங்க மறுத்தன. 11 பேர் கொல்லப்பட்டனர். சிறைபிடிக்கப்பட்டவர்களுள் ஒருவர் 19 வயதான ஜெசிக்கா லிஞ்ச் என்ற களஞ்சிய எழுதுவினைஞர். மற்றொருவர் ஷொஷானா ஜோன்சன் என்ற சமையற்காரர். ஒருவர் கல்லூரிச் செலவுக்காகவும் மற்றவர் சமையற்கலை பயில்வதற்காகவும் படையில் சேர்ந்தவர்கள்.

லிஞ்ச் இறுதிவரை சுட்டுப் போரிட்டார் என்ற கதை உலகெங்கும் பரப்பப்பட்டது. தாம் ஒரு தோட்டாவையேனும் சுடவில்லை என்று அவரே 2007 ஏப்ரலில் அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்தார். இத்தகைய கதை ஏன் தேவைப்பட்டது? ஓர் எழுதுவினைஞர் வழிகாட்டலின்றி, பழுதடைந்த ஆயுதத்துடன் பகைவரின் நகருக்குள் அனுப்பப்பட்டார் என்ற உண்மையைச் சொன்னால் பொறுப்புக்கூற வேண்டியவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். வீரக்கதை சொன்னால் எவரும் பொறுப்புக்கூற வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டிலேயே, லிஞ்சுக்கு 80 சதவீத ஊனக் கொடுப்பனவும் கறுப்பினத்தவரான ஜோன்சனுக்கு 30 சதவீதமும் நிர்ணயிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியானபோது எழுந்த விசனமும் நியாயமானதே.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதனினும் முக்கியமானது. 2004 ஒக்டோபர் 13 ஆம் திகதி, தென் கரோலினாவைச் சேர்ந்த 343 ஆவது வழங்கல் கம்பனியின் 18 சிப்பாய்கள், தெற்கே தலீல் தளத்திலிருந்து பக்தாத்துக்கு வடக்கேயுள்ள தாஜிக்கு எரிபொருள் கொண்டு செல்லுமாறு இடப்பட்ட கட்டளையை ஏற்க மறுத்தனர். பவுசர்களுக்குக் கவசம் இல்லை, அவை அடிக்கடி பழுதடைகின்றன, ஏற்றப்பட்ட எரிபொருளும் கலப்படமானது என்பன அவர்களது காரணங்கள். கட்டளையை மீறுவது இராணுவத்தில் பாரதூரமான குற்றம். எனினும் அவர்கள் எவரும் இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்படவில்லை. சிறு ஒழுக்காற்று நடவடிக்கைகளுடன் விவகாரம் முடிக்கப்பட்டது. கம்பனியின் கட்டளை அதிகாரி மாற்றப்பட்டார். வாகனங்கள் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. சிப்பாய்கள் கூறியதில் உண்மை இருந்தது என்பதை இந்நடவடிக்கைகளே ஒப்புக்கொண்டன என்பது எமது கணிப்பு. இரு மாதங்களின் பின்னர் குவைத்தில் ஒரு சிப்பாய் பாதுகாப்புச் செயலாளர் ரம்ஸ்பெல்டை நேருக்கு நேர் கேட்டதும் இதையே. வாகனங்களுக்குக் கவசமிடக் குப்பைமேடுகளில் பழைய இரும்பைப் பொறுக்கவேண்டியிருப்பது ஏன் என்று அவர் வினவியபோது, கூடியிருந்த சிப்பாய்கள் கரகோஷம் செய்தனர்.

ஆப்கானிஸ்தானில் 2007 இல் ஏறத்தாழ 24 எரிபொருள் தொடரணிகளுக்கு ஒருவர் வீதம் கொல்லப்பட்டனர் அல்லது காயமடைந்தனர் என அமெரிக்க இராணுவத்தின் ஆய்வொன்று 2009 இல் கணக்கிட்டது. அச்சத்தில் விரைந்து செல்லும் தொடரணிகள் எதற்காகவும் நிற்பதில்லை. அவற்றின் குறுக்கே வந்த பொதுமக்களுக்கு நேர்ந்தவை இந்தக் கணக்கில் இல்லை.

இந்த வேலைகள் எவருக்கு ஒதுக்கப்படுகின்றன என்பதும் கவனத்திற்குரியது. இரண்டாம் உலகப் போரில் கறுப்பினச் சிப்பாய்கள் போரிடத் தகுதியற்றவர்கள் எனக் கருதப்பட்டுப் பெரும்பாலும் வழங்கல், சுமை வேலைகளுக்கே அனுப்பப்பட்டனர். 1944 இல் பிரான்ஸின் ஊடாக முன்னேறிய படைகளுக்கு இரவு பகலாக எரிபொருளும் வெடிபொருளும் கொண்டு சென்ற 'ரெட் போல் எக்ஸ்பிரஸ்' சேவையின் சாரதிகளில் சுமார் முக்கால்வாசிப் பேர் அவர்களே. அதே ஆண்டு ஜூலை 17 ஆம் திகதி கலிபோர்னியாவின் போர்ட் சிக்காகோ துறையில் வெடிபொருள் ஏற்றும்போது நிகழ்ந்த வெடிப்பில் 320 பேர் மாண்டனர். அவர்களுள் 202 பேர் கறுப்பினத்தவர். வெடிபொருளைக் கையாள அவர்களுக்கு முறையான பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. எந்தக் குழு விரைவாக ஏற்றும் என்று அதிகாரிகள் பந்தயம் கட்டியதும் பின்னர் வெளிவந்தது. சில வாரங்களில் அதே வேலைக்குத் திரும்ப மறுத்த 258 மாலுமிகளுள் 50 பேர் கிளர்ச்சிக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அத்தீர்ப்புகளை அமெரிக்கக் கடற்படை துடைத்தெறிந்தது 2024 ஜூலை 17 ஆம் திகதி. எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

உக்ரைன் போரில் நிலைமை மேலும் மோசமடைந்துள்ளது. 2022 இல் கியேவ் நகருக்கு வடக்கே ரஷ்ய வாகனத் தொடரணி எரிபொருளும் உணவுமின்றி நாட்கணக்கில் முடங்கிக் கிடந்ததை உலகம் செய்மதிப் படங்களில் பார்த்தது. அதன் பின்னர் ட்ரோன்கள் வந்துவிட்டன. போர்முனைக்குப் பல கிலோமீற்றர் பின்னாலும் உணவும் நீரும் கொண்டு செல்லும் வாகனமே முதலில் வேட்டையாடப்படுகின்றது. வீதிகளுக்கு மேல் வலை கட்டப்படுகின்றது. சாரதியை அனுப்ப அஞ்சி ஆளில்லாத் தரை வாகனங்களில் பொருட்களை அனுப்பும் முயற்சியில் இருதரப்பினரும் ஈடுபட்டுள்ளனர். ஆகவே, வெளிநாட்டிலிருந்து வந்தவர் உறுதியளிக்கப்பட்டவாறு 'உதவியாளர்' வேலையிலேயே வைக்கப்பட்டிருந்தாலும் கூட, அவர் போர்முனையில்தான் நின்றிருப்பார். எமது நாட்டவர்கள் பலர் அந்த வேலையிலும் வைக்கப்படவில்லை. நேராகப் பதுங்குகுழிகளுக்கே அனுப்பப்பட்டனர்.

இந்தப் பின்னணியில் 'பலவந்தம் இல்லை' என்ற விளக்கம் போதுமானதன்று. 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் குடும்பத்தைக் காப்பாற்ற வழியின்றித் தவித்தவர், சமையற்கூடத்தில் வேலை என நம்பித் தமக்குத் தெரியாத மொழியிலான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அது சம்மதம் ஆகுமா? ஆட்கடத்தல் தொடர்பான சர்வதேசச் சட்டம் பலவந்தத்துடன் ஏமாற்றுதலையும் சேர்த்தே குறிப்பிடுகின்றது. முகவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள், குரற்பதிவுகள், பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகள் ஆகியன குடும்பத்தினரிடம் இருக்கக்கூடும். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இவற்றைத் தேடிச் சென்று திரட்ட வேண்டும். உயிரிழந்த ஒவ்வொருவரும் எந்த வேலைக்கென அழைக்கப்பட்டார், எங்கு, எந்தப் பணியில் இருந்தபோது மாண்டார் என்பதை மொஸ்கோவிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, அப்பதிலைக் குடும்பங்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் வழங்கவேண்டியது வெளிவிவகார அமைச்சின் கடமையாகும்.