காளைக்கன்று பிறந்தால் குற்றமா?



ஓரிக்கைப் பக்கம் போனால், தறிச் சத்தம் கேட்கும் வீட்டுக் கொல்லையில் ஜெர்சிக் கலப்புப் பசு ஒன்று நிற்பதையும் பார்க்கலாம். அது கிடாரி ஈன்றால் வீட்டில் சந்தோஷம். காளைக்கன்று ஈன்றால்?

கணக்குப் போட்டுப் பார். 25 கிலோ கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். அதாவது நாளுக்கு இரண்டரை லிட்டர். 2023 டிசம்பரில் ஆவின் பசும்பாலுக்கு அறிவித்த கொள்முதல் விலை 38 ரூபாய். ஆக, தினம் 95 ரூபாயைக் கன்றின் வாயில் ஊற்ற வேண்டும்! எதற்காக? கலப்பினக் காளைக்குத் திமில் இல்லை, நுகத்தடி நிற்காது, வெயிலும் தாங்காது. உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. எனவே கன்று பால் மறுக்கப்பட்டு வற்றிச் சாகிறது, அல்லது வந்த விலைக்குக் கைமாறுகிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியை ஜும்ஆ பயானில் எத்தனை முறை கேட்டிருக்கிறாய்!

அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் காளைக்கன்றைக் காயடித்து, மக்காச்சோளம் கொடுத்து, ஒன்றரை வயதுவாக்கில் 600 கிலோ வரை வளர்த்து இறைச்சிக்கு விற்கிறார்கள். பால்காரனுக்கு அது இன்னொரு வருமானம்.

இங்கே முடியுமா? தமிழ்நாட்டில் மாட்டிறைச்சிக்குத் தடையில்லை என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? பத்து வயது கடந்து, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடாக இருக்க வேண்டும். இல்லையேல் காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அறுக்கச் சான்றிதழ். எருமைக்கும் இதே சட்டம்தான். நமது மார்க்கமோ குர்பானி மாடு இரண்டு வயது நிறைந்ததாக, குறையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. நொண்டி மாடு செல்லாது! ஆரோக்கியமான இரண்டு வயதுக் காளையை முறையாக வளர்த்தவனுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

2017 மே 23இல் மத்திய அரசு சந்தை விதிகளைக் கொண்டுவந்தபோது கொதித்தெழுந்தோம். மே 30இல் மதுரைக் கிளை தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடெங்கும் நீட்டித்தது. நல்லது. ஆனால் வீட்டுச் சட்டத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை.

வியாபாரிக்கும் ஒரு வார்த்தை. கசந்தாலும் கேள். லாரியில் மாடுகளை மூச்சுமுட்ட அடைப்பது 1978ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளுக்கும் விரோதம், மார்க்கத்துக்கும் விரோதம். வழியில் மறிப்பவனுக்கு ஆயுதத்தை நாமே கொடுக்கிறோம்.

நமது கோரிக்கை ஒன்றுதான். கலப்பினக் காளைக்கன்றை இறைச்சிக்கென வளர்க்க, வயது வரம்பில் விலக்கு அளித்துச் சட்டத்தைத் திருத்துங்கள். அது வந்தாலும் லாபம் கொட்டாது. தீவன விலை கடிக்கும், முதல் முடங்கும். துணிந்தவன்தான் இறங்குவான். ஒலிமுகமதுபேட்டையிலிருந்து ஓரிக்கை வரை மனு எடுத்துப் போவோம். முதல் கையெழுத்து, சங்கத்துக்குப் பால் ஊற்றும் நெசவாளருடையதாக இருக்கட்டும்.