பரண்மேல் இருந்த பெட்டி



மாற்றல் உத்தரவு வந்தவுடன் ஒரு குருவின் சொத்துக் கணக்கு வெளிப்பட்டுவிடும். பங்கு இல்லத்துப் பரணைத் துப்புரவு செய்த கோயிற்பிள்ளை, பழைய பனியன் அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கிவைத்து, "சாமி, இதைக் குப்பையில போட்டரலாங்களா?" என்று கேட்டார். திறந்து பார்க்குமாறு கூறினோம்.

வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி ஒன்று, எண்ணெய் வற்றிவிட்டது. நம் குருப்பட்ட நினைவுப் படங்கள் ஒரு கட்டு. 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்குத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வந்தபோது விற்கப்பட்டதெனப் பாட்டியார் போற்றிவைத்த பதக்கம். திருத்தந்தை ஒருவர் இந்திய மண்ணில் கால்வைத்தது அதுவே முதன்முறை. அடியில், சாயம் மங்கிய பனியன் துண்டில் சுற்றிய தகரச் சின்னம் ஒன்று. அதில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் திருவுருவம். (இன்று இரண்டாம் யோவான் பவுல் என்று எழுதுகிறார்கள், நமக்கு நாவில் பழகியது பழைய பெயரே.)

1986 பிப்ரவரி 5, புதன்கிழமை. நமக்கு அப்போது வயது பதினொன்று. பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்த நம் தகப்பனார், முந்தின நாள் இரவு இரயிலில் நம்மைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். தைத்த உருப்படிக்கே கூலியாதலால், அந்தச் சனிக்கிழமைச் சம்பளம் குறையுமென்று தாயார் முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது. புனித தோமையாரின் கல்லறை உள்ள சாந்தோம் பேராலயத்திற்குத் திருத்தந்தை வரும் வழியில், சாலையோரக் கூட்டத்தில் நின்றோம். முன்னே நின்றவர்களின் முதுகுகளே தெரிந்தன. தகப்பனார் பையிலிருந்த பனியன் துண்டை மடித்துத் தோளில் இட்டு, நம்மைத் தூக்கி அமர்த்தினார். வெள்ளங்கியும் உயர்ந்த கரமும் கண நேரம் தெரிந்து மறைந்தன.

"தகப்பனாரும் நாமும் திருத்தந்தையைக் கண்டோம்" என்று மறையுரைகளில் எத்தனையோ முறை கூறியுள்ளோம். 2014 ஏப்ரல் 27 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்ட வேளையிலும் அவ்வாறே கூறினோம். துண்டைக் கையில் எடுத்தபோதுதான் உண்மை உறைத்தது. தகப்பனார் காணவில்லை. நம் பாரத்தில் தலை கவிழ்ந்து, நம் கால்களை இறுகப் பற்றியபடி நின்றார். திரும்பி வரும்போது, "நல்லாப் பாத்தியா கண்ணு?" என்று இருமுறை கேட்டார். நாம் தலையசைத்துவிட்டு உறங்கிப்போனோம். "நீங்கள் பார்த்தீர்களா?" என்று அன்றும் கேட்கவில்லை; அவர் இறக்கும்வரை ஒருநாளும் கேட்கவில்லை. மறையுரையில் சொன்னதை இப்பக்கத்தில் திருத்திக்கொள்கிறோம்.

எண்ணெய்ப் புட்டியைக் கோயிற்பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டார். படக்கட்டில் பாதியைக் கழித்தோம். துண்டைத் துவைத்துத் தரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாமென்று கூறி, சின்னத்தை முன்போலவே அதில் சுற்றி வைத்தோம்.