வென்றவர் விலகுவது குற்றமா?

2016ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி அபுதாபியில் நடந்த அவ்வருஷத்தின் கடைசிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து, ஐந்தே புள்ளிகள் வித்தியாசத்தில் பார்முலா ஒன் உலகச் சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றிய ஜெர்மானிய வீரர் நிகோ ராஸ்பெர்க், ஐந்து நாட்கள் கழித்து, கோப்பையைப் பெற்றுக்கொள்ள வியன்னா நகருக்கு வந்திருந்த இடத்தில், இனிமேல் தாம் பந்தயக் காரில் ஏறப்போவதில்லை என்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 31, தேகத்தில் குறையில்லை, மெர்சிடிஸ் அணியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷங்கள் பாக்கியிருந்தன, அந்தப் பந்தயங்களிலேயே அதிவேகமான கார் அவர் கைவசம் இருந்தது. வென்ற பட்டத்தைக் காத்துக்கொள்ளத் துணிவில்லாமல், சக அணியாளரான லூயிஸ் ஹாமில்டனுக்கு அஞ்சி ஒதுங்கிவிட்டார் என்று அன்று சிலர் பேசினார்கள். அந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றது என்பது என் அபிப்பிராயம்.

நெசவுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்துச் சீமையில், வாலாஜாபாத்தில் இருப்பவனுக்கு இந்த விசாரம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். எங்கள் ஊரிலிருந்து வண்டலூருக்குப் போகிற சாலையில் ஒரகடத்தை நெருங்கினால் இருமருங்கிலும் மோட்டார் தொழிற்சாலைகள்தாம். ராஸ்பெர்க்கும் ஹாமில்டனும் ஓட்டிய மெர்சிடிஸ் கார்களுக்கு அந்நாளில் தாய் நிறுவனமாயிருந்த டெய்ம்லர் 2012இல் தொடங்கிய லாரித் தொழிற்சாலையும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால், சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயம் நடத்திவந்த சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல். ஆகையால் காரும் பந்தயமும் எங்களுக்கு அந்நிய விஷயங்கள் அல்ல.

ராஸ்பெர்க்கின் முடிவைப் புரிந்துகொள்ள, இந்தப் பந்தயத்தின் விசித்திரமான தர்மம் ஒன்றை முதலில் அறிய வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள், இரண்டு வீரர்கள்; பட்டமோ ஒருவருக்குத்தான். வேறு அணிக்காரர் முந்திவிட்டால், அவருடைய இயந்திரம் உயர்ந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரே பட்டறையில் உருவான ஒரே மாதிரியான காரில், ஒரே அணியின் உதவியுடன் ஓடுகிறவர் முந்திவிட்டால் சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமும் மிஞ்சுவதில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைத் தறியில் இருவர் சேர்ந்து நாடா வீசினால்தான் கரையும் உடலும் இசைந்து ஒரு சேலையாகிறது. பந்தய அணியிலோ இருவரும் உழைப்பது ஒன்றுக்காகவே ஆனாலும், ஒருவரின் ஜயம் மற்றவரின் தோல்வியாகவே முடிகிறது.

நம்மவர்களும் இந்தத் தர்மத்திற்குத் தப்பவில்லை. 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற கீர்த்தியைப் பெற்ற நம் நாராயண் கார்த்திகேயன், அவ்வருஷம் ஜூன் 19ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், டயர்களின் பத்திரத்தைப் பற்றிய சந்தேகத்தால் ஏழு அணிகள் விலகிவிட ஆறே கார்கள் ஓடிய அந்த விநோதமான பந்தயத்தில், நான்காவதாக வந்தார். பரிசு மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம். மூன்றாவது இடத்தைப் பிடித்தவர் அவருடைய சொந்த அணியைச் சேர்ந்த போர்ச்சுக்கீசியரான டியாகோ மான்டெய்ரோ.

ராஸ்பெர்க்கும் ஹாமில்டனும் பால்யம் முதல் பழகியவர்கள். 2000ஆம் ஆண்டிலேயே கோ-கார்ட் பந்தயங்களில் ஒரே அணியில் ஓடியவர்கள். 2013இல் மெர்சிடிஸ் அணியில் மறுபடியும் ஒன்று சேர்ந்தபோது, அதே அணியில் தமக்கு முன்பு இணையாக இருந்த மைக்கேல் ஷூமாக்கரை மூன்று வருஷங்களும் புள்ளிகளில் முந்தியிருந்த ராஸ்பெர்க்குக்குத் தன்னம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் 2014இலும் 2015இலும் பட்டத்தை ஹாமில்டனே கொண்டுபோனார். சிநேகம் மெல்ல மெல்லக் கசந்தது. 2014இல் பெல்ஜியத்திலும், 2016இல் ஸ்பெயினிலும் ஆஸ்திரியாவிலும் இருவரின் கார்களும் மோதிக்கொண்டன. ஸ்பெயினில் முதல் சுற்றிலேயே இருவரும் வெளியேறிவிட, அந்த இடைவெளியில் 18 வயதுப் பிள்ளையான மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் தம் முதல் வெற்றியைப் பெற்றார்.

2016இல் முதல் நான்கு பந்தயங்களையும் தொடர்ச்சியாக வென்று, பின்னர் முன்னிலையை இழந்து மீண்டும் பெற்று, கடைசி நான்கு பந்தயங்களிலும் ஹாமில்டன் முதலாவதாக வர ஒவ்வொரு தடவையும் இரண்டாவதாக வந்து, 385க்கு 380 என்ற கணக்கில் ராஸ்பெர்க் பட்டத்தைப் பிடித்தார். அபுதாபியின் இறுதிச் சுற்றுகளில், முன்னே போய்க்கொண்டிருந்த ஹாமில்டன், அணித் தலைமையின் கட்டளையையும் பொருட்படுத்தாமல், பின்னாலிருந்து மற்ற அணி வீரர்களான வெட்டலும் வெர்ஸ்டாப்பனும் வந்து ராஸ்பெர்க்கை முந்தட்டும் என்று வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அந்தச் சோதனையையும் நிதானம் தவறாமல் கடந்தவரைத் துணிவில்லாதவர் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

அந்த ஒரு வருஷத்துக்காக அவர் கொடுத்த விலை சாமானியமானதல்ல. காலின் தசை எடையும் காருக்குப் பாரமாகும் என்று சைக்கிள் பயிற்சியை நிறுத்தினார். மனத்தை ஒருமுகப்படுத்துவதற்குத் தனியே பயிற்சி பெற்றார். கைக்குழந்தையும் மனைவியும் இருந்த வீட்டில், அவருடைய தூக்கமும் பந்தயத்துக்கான ஆயத்தமும் கெடாதபடி மற்ற எல்லாமே இரண்டாம்பட்சமாயின. இத்தனையும் செய்தவர், இனி ஒரு முறை இதைச் செய்ய என்னால் ஆகாது என்று உணர்ந்தால், அந்த உணர்வு பயமாகாது; அதற்கு விவேகம் என்று பெயர்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. நான்கு வருஷங்கள் சேர்ந்து ஓடியதில் ஹாமில்டன் 32 பந்தயங்களையும் ராஸ்பெர்க் 22 பந்தயங்களையும் வென்றனர். பட்டத்தை இழந்த 2016இலுங்கூட ஹாமில்டனுக்குப் பத்து வெற்றிகள், ராஸ்பெர்க்குக்கு ஒன்பதுதான். மலேசியாவில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஹாமில்டனின் எஞ்சின் புகைந்து நின்றிராவிட்டால் கதை வேறாகியிருக்கும். ராஸ்பெர்க் விலகிய பிறகு 2017 முதல் 2020 வரை நான்கு பட்டங்களையும் ஹாமில்டனே வென்றார். ஆகவே இருவரில் மேலானவர் ஹாமில்டன் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தம்மைக் காட்டிலும் வல்லவரான ஒருவரை, அவருக்குரிய அதே காரில் ஒரு வருஷம் முழுவதும் எதிர்த்து நின்று வென்றதல்லவா ராஸ்பெர்க்கின் சாதனை? அதிர்ஷ்டம் ஒரு கை கொடுத்தது என்றாலும், அதிர்ஷ்டம் வந்து சேரும்போது அதைப் பற்றிக்கொள்ளும் தூரத்தில் நிற்கிற சாமர்த்தியம் உழைப்பால் வருவதுதான்.

பட்டத்துடன் விலகியவர்கள் இதற்கு முன்பும் உண்டு. 1958இல் ஒரே ஒரு புள்ளியில் சாம்பியனான மைக் ஹாதார்ன், அதே வருஷத்தில் தம் பெராரி அணித் தோழர்கள் முஸ்ஸோ, காலின்ஸ் இருவரையும் பந்தயத்தில் பறிகொடுத்தபின் ஓய்வு பெற்றார். சில மாதங்களுக்குள் சாதாரணச் சாலை விபத்தில் அவரும் மாண்டார். 1973இல் விலகுவதென்று முன்பே தீர்மானித்திருந்த ஜாக்கி ஸ்டூவர்ட், தாம் சிஷ்யனைப்போல வளர்த்த சக வீரர் செவேர் பயிற்சியில் உயிரிழந்ததும், தம்முடைய நூறாவது பந்தயமாக இருந்திருக்க வேண்டியதில் ஓடாமலே விடைபெற்றார். 1993இல் நான்காவது பட்டத்துடன் ஆலன் புரோஸ்ட் விலகியதற்கு, பழைய பகையாளியான அயர்ட்டன் சென்னா அடுத்த வருஷம் தம் அணிக்கே வரவிருந்தது காரணமாயிற்று. இவர்கள் விலகியதைக் கோழைத்தனம் என்று நாம் சொல்வதில்லை.

நம் ஊர் அனுபவத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பர் 18ஆம் தேதி ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பிரிஸ்பேன் டெஸ்ட் டிராவில் முடிந்த கையோடு, தொடர் பாதியில் இருக்கும்போதே, டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்த ரவிச்சந்திரன் அஸ்வின் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றார். அந்தத் தொடரில் பெர்த்தில் வாஷிங்டன் சுந்தரும், அடிலெய்டில் அஸ்வினும், பிரிஸ்பேனில் ஜடேஜாவும் என்று, சுழல் பந்துவீச்சுக்கு இருந்த ஒரே ஸ்தானத்தில் மூவர் மாறி மாறி ஆடினார்கள். அங்கேயும் போட்டி அணிக்குள்ளேதான். நன்றி சொல்ல வேண்டிய வேளையில், இவர் ஏன் இப்போது போனார், யார் போகச் செய்தார் என்ற ஆராய்ச்சியிலேயே நம்மில் பலர் நாட்களைக் கழித்தோம்.

ஓடுகிறவருக்குத்தான் தம் கால்களின் வலி தெரியும். பார்க்கிறவர்களுக்கு வெற்றியின் கணக்கு மட்டுமே தெரியும். இன்று இருங்காட்டுக்கோட்டையில் பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பயிற்சிக்கு விடுகிற பெற்றோரும், மைதானங்களின் ஓரத்தில் நின்று உற்சாகப்படுத்துகிற ரசிகர்களும், வெல்லக் கற்றுக்கொடுப்பதோடு நில்லாமல், போதும் என்று தோன்றும் நாளில் தலைநிமிர்ந்து விலகவும் போட்டியிடுகிறவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். பட்டத்தை வென்றவர் அதை மறுபடியும் வென்று காட்ட வேண்டும் என்று கேட்க நமக்கு ஆசை இருக்கலாம், உரிமை இல்லை.